யாரையும் பார்க்காத குழந்தை

"வேற எங்கயும் கொண்டுபோகலைங்க. எத்தனை தடவை கேட்டாலும் இதுதான் பதில்."

அந்தத் தாய் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏழு மாத ஆண் குழந்தை. முகம், கழுத்து, மார்பு எங்கும் சிவப்புத் தடிப்பு. மூக்கில் ஆக்சிஜன் குழாய். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து எழுந்தது. எதிரே முகக்கவசத்தோடு நின்றவள் அந்தக் குழியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் கேட்டுத்தானே ஆக வேண்டும்? கேட்பதுதான் அவள் உத்தியோகம்.

சுகாதார அலுவலகத்தில் அவளுக்கு நோய்க் கண்காணிப்பு அதிகாரி என்று நீளமாக ஒரு பதவி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் காய்ச்சலே இறங்கிவிடும் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவளை மோப்பக்காரி என்று கூப்பிட்டார்கள். நாலு தெரு தள்ளி யாராவது இருமினால்கூட அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடுமாம். வீட்டில் அவள் பெயர் சின்னவள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். கடைசியில் இது வீட்டுக் கதையாகத்தான் வந்து நிற்கப் போகிறது.

"சொந்தக்காரங்க யாராவது வந்து பார்த்தாங்களா?"

"கல்யாணமாகிப் பத்து வருஷம் கழிச்சுப் பிறந்த பிள்ளைங்க இவன். தட்டம்மை பரவுதுன்னு காதுல விழுந்த நாள்லேருந்து வாசக்கதவைத் திறக்கலை. என் மாமியாரையே ஜன்னலுக்கு வெளியே நிக்க வச்சுத்தான் பேரனைக் காட்டினேன். அவங்க இன்னிவரைக்கும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசுறதில்லை." சிரிக்கப் போனவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பஸ், கடை, கோயில், கூட்டம்?"

"ஐயோ, இல்லைங்க. ஊசி போடவும் எடை பார்க்கவும் டாக்டரம்மாகிட்ட மட்டும் போனோம். அதுவும் அவங்க சொன்ன மாதிரி பத்து மணிக்கு மேலதான். அங்க நோய்க்காரப் பிள்ளை ஒண்ணுகூட இல்லை. என் கண்ணால பார்த்துட்டுத்தான் உள்ளேயே போனேன்."

சின்னவள் தலையை ஆட்டினாள். அந்த டாக்டரம்மாவைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுடைய கூடப்பிறந்த அக்காதான்.

நகரத்தின் இந்தப் பக்கம் பிறக்கும் குழந்தைகளில் முக்கால்வாசி அக்காவின் கையில்தான் முதல் ஊசி போட்டுக்கொண்டன. அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. திங்களும் சனியும் பச்சைக் குழந்தைகளுக்கு ஊசி நாள். அந்த நாட்களில் காய்ச்சல், இருமல் என்று வருகிற பெரிய பிள்ளைகள் எட்டு மணிக்கு வந்து பத்துக்குள் பின்வாசல் வழியாகப் போய்விட வேண்டும். அதன் பிறகு மருந்து ஊற்றித் தரை துடைக்கப்படும். மேஜையும் கட்டிலும் துடைக்கப்படும். அப்புறம்தான் முன்வாசல் திறக்கும். ஒரு தடவை உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் இருமுகிற பேரனோடு பத்தே காலுக்கு வந்து நின்றார். அக்கா அவரையும் பேரனையும் வாசலோடு திருப்பி அனுப்பினாள். நோயுள்ள பிள்ளையும் நோயில்லாத பிள்ளையும் அவள் கிளினிக்கில் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. அதில் அக்காவுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்தால் என்ன, நியாயமான கர்வம்தானே.

நோய் முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைகாட்டியது. அது புரிந்தது. தடுப்பூசி விட்டுப்போன பிள்ளைகள், ஒரே வகுப்பு, ஒரே வேன். பள்ளியை மூடி, வீடு வீடாக ஊசி போட்டு, நெருப்பை மிதித்து அணைத்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். அப்போதுதான் கைக்குழந்தைகளுக்கு வர ஆரம்பித்தது. ஒன்பது மாதம் ஆனால்தான் தட்டம்மைக்கு ஊசி. இவர்கள் எல்லோரும் அந்த வயதுக்குக் கீழே. பள்ளிக்குப் போகிற அண்ணனோ அக்காவோ இல்லாத வீடுகள். வெவ்வேறு தெருக்கள். வீட்டைவிட்டு நகராத குழந்தைகளுக்கு நோய் எந்த வழியாக நடந்து வந்தது?

சின்னவளின் ஆட்கள் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: யாரைப் பார்த்தீர்கள், யாரோடு இருந்தீர்கள்? அதைப் பிடித்துக்கொண்டு ஆள் மேல் ஆளாகப் பின்னால் போவார்கள். இந்தத் தடவை போகப் போகச் சுவர்தான் வந்தது. எல்லாக் குழந்தைகளும் அக்காவின் கிளினிக்குக்குப் போயிருந்தன என்பது உண்மை. ஆனால் இந்தப் பக்கத்தில் எந்தக் குழந்தைதான் போகாது? குழாய்த் தண்ணீர் குடித்தாயா என்று கேட்பது போலத்தான் அது. ஊசி நேரத்தில் அங்கே நோயாளி யாரும் இல்லை என்று சின்னவளே போய் விசாரித்து, முதல் நாளே கிளினிக்கைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள்.

"இவன் பிழைச்சிடுவானாங்க?" என்று அந்தத் தாய் திடீரென்று கேட்டாள்.

சின்னவளிடம் இருந்ததெல்லாம் கேள்விகள்தான். "நல்லா பார்த்துக்கிறாங்க" என்று பொத்தாம்பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

வெளியே ஜீப் நின்றது. டிரைவரின் பட்டப்பெயர் அவசரம். ஆமை வேகத்துக்கு மேல் அவர் வண்டி ஓட்டி யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர். சின்னவள் கதவைச் சாத்தியதும் மூக்கைச் சுளித்தாள்.

"என்னண்ணே இது, வண்டிக்குள்ள பூக்கடை வச்சிருக்கீங்களா?"

"நம்ம பெரிய ஆபீசரோட சென்ட்டும்மா. காலையில அவரைக் கொண்டுபோய்க் கூட்டத்துக்கு விட்டேன். அவர் இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. சென்ட்டுதான் இறங்க மாட்டேங்குது." அவசரம் தன் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். "கண்ணாடி இறங்காது, ரிப்பேர். ஏசிதான் ஓடுது. இருக்கிற காத்தே சுத்திச் சுத்தி வருது, பாவம் அது எங்க போகும்?"

சின்னவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

ஆள் இறங்கிவிட்டார். காற்று இறங்கவில்லை.

தட்டம்மைக்காரர் இருமிவிட்டுப் போன மூடிய அறையில் கிருமி இரண்டு மணி நேரம்வரை காற்றில் நிற்கும். இது அவளுக்குத் தெரியாத விஷயமா என்ன? படித்திருக்கிறாள், பரீட்சை எழுதியிருக்கிறாள், புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறாள். ஆனால் ஆளைத் தேடித் தேடிப் பழகிய புத்தி, யாரைப் பார்த்தீர்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்துவிட்டது. யார் எழுந்துபோன அறையில் போய் உட்கார்ந்தீர்கள் என்று ஒரு தாயிடமும் கேட்கவில்லை.

"அண்ணே, இன்னிக்கு என்ன கிழமை?"

"சனிக்கிழமை. நாளைக்கு எனக்கு லீவு, ஞாபகம் வச்சுக்கோங்க."

மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. அவள் போனை எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நோயாளிகள் இருக்கும்போது அக்காவின் போன் மேஜை இழுப்பறையில் கிடக்கும். கிளினிக் நர்ஸின் போனோ ஊசி நாளில் அணைந்தே இருக்கும், மணிச் சத்தத்தில் குழந்தைகள் வீறிட்டு அழுமாம்.

"அக்கா கிளினிக்குக்குப் போங்க. சீக்கிரம்."

"சீக்கிரம்னா எந்த அளவுக்கும்மா?"

"உங்க பேருக்கு ஏத்த அளவுக்கு."

அவசரம் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த ஜீப்புக்குள் அப்படியொரு வேகம் ஒளிந்திருந்ததை அன்றைக்குத்தான் அது வெளியே காட்டியது. குழாய் புதைக்கத் தோண்டிப் போட்டிருந்த தெருவில் குதித்து, எதிரே வந்த தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி, பாதிச் சாபத்தையும் பாதி மன்னிப்பையும் ஜன்னலுக்குள்ளேயே முனகிக்கொண்டு ரயில்வே கேட்வரை கொண்டுவந்து சேர்த்தார். கேட் மூடியிருந்தது.

சரக்கு ரயில். அது போகிற போக்கில் நடந்தே முந்திவிடலாம் போலிருந்தது. சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக நகர நகர, அக்காவின் அறை கண்முன்னால் வந்து நின்றது. ஏசி மெஷினும் வந்தது.

அந்த ஏசியை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையில், வெயில் தாங்காமல் குழந்தைகள் கிளினிக்கில் துவண்டு அழுததைப் பார்த்து மனசு கேட்காமல் வாங்கியது. ஜன்னல் இடுக்கு வழியாகக் குளிர் வெளியே போகிறது என்று மெக்கானிக் சொன்னதும், அக்காவும் தங்கையுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் ஜன்னல்களைச் சுற்றிப் பழுப்பு டேப் ஒட்டினார்கள். சின்னவள் ஸ்டூலில் ஏறி நின்று ஒட்ட, அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "விழுந்து தொலைக்காதே, உனக்கு மாவுக்கட்டு போட எனக்கு நேரமில்லை" என்று திட்டிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு எவ்வளவு சிரித்தார்கள். அதற்கப்புறம் அந்த ஜன்னல்கள் திறக்கவே இல்லை.

அம்மா ஷிப்ட் வேலைக்குப் போனவள். சின்னவளுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, முதல் நாள் பள்ளிக்கூடத்தில் கையைப் பிடித்துக்கொண்டு போய் விட்டதெல்லாம் அக்காதான். தன் கல்யாணத்தைக்கூட இவள் படிப்பு முடியட்டும் என்று தள்ளிப் போட்டாள். அந்த அக்காவின் வாசலில் போய் நின்று, உன்னால்தான் குழந்தைகளுக்கு நோய் வந்தது என்று எப்படிச் சொல்வது? ரயிலின் கடைசிப் பெட்டி போனது. கேட் தூக்கியபோது, இன்னும் கொஞ்ச நேரம் மூடியிருந்தால் தேவலை என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்புக்காக அவள் வெட்கப்பட்டாள்.

வராந்தா பெஞ்சுகளில் தாய்மார்கள் நிறைந்திருந்தார்கள். மடிகளில் குழந்தைகள், சில தூங்கிக்கொண்டும், சில கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டும். நர்ஸ் வாளியையும் துடைப்பானையும் ஓரமாக வைத்துவிட்டு அறைக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"முதல்ல வந்தது யாரு? வாங்கம்மா."

ஒரு பெண் எழுந்தாள். மஞ்சள் துண்டில் சுற்றிய குழந்தை தோளில் கிடந்தது. அவள் வாசற்படியில் கால் வைப்பதற்கும் சின்னவள் ஓடி வந்து குறுக்கே கை நீட்டுவதற்கும் சரியாக இருந்தது.

"நில்லுங்க! உள்ளே போகாதீங்க."

நர்ஸுக்கு இவளைத் தெரியும், இருந்தாலும் திகைத்து நின்றாள். "என்னம்மா, என்னாச்சு?"

"இன்னிக்குக் காலையில தட்டம்மைப் பிள்ளை யாராவது வந்துச்சா?"

"ஒரு பொண்ணு வந்துச்சு. கண்ணெல்லாம் சிவந்து, ஒரே இருமல். டாக்டரம்மா பார்த்துட்டு உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. இப்பதான் பின்வாசல் வழியா போச்சு. நான் தரையெல்லாம் சுத்தமா துடைச்சிட்டேனே."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "அங்க யாரு வழியை மறிக்கிறது? பத்து மணி ஆயிடுச்சு."

சின்னவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அறை ஜில்லென்றிருந்தது. மருந்து வாசனை. மூலையில் ஏசி சாதுவாக முனகிக்கொண்டிருந்தது. ஜன்னல்களைச் சுற்றி அவள் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது, ஒரு மூலை மட்டும் லேசாகச் சுருண்டிருந்தது.

"என்னடி சின்னவளே, மூச்சு வாங்குது? யாரு துரத்துறா உன்னை?"

"அக்கா, இன்னிக்கு ஊசி போட வேண்டாம். இந்த அறையில வேண்டாம்."

கைக்குழந்தைகளுக்கு நோய் இங்கிருந்துதான் வருகிறது என்பதையும் சின்னவள் சொன்னாள். முடித்ததும் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"என் கிளினிக்கா? இந்த ஊர்ல நேரம் பிரிச்சு வச்சு வேலை செய்யுற ஒரே கிளினிக் இதுதான். நோய்க்காரப் பிள்ளையும் இதுங்களும் ஒண்ணையொண்ணு பார்த்ததே கிடையாது. நீயே வந்து விசாரிச்சுட்டுத்தானே போனே?"

"போனேன். தப்பா விசாரிச்சேன். அதுங்க பார்த்துக்கலைக்கா. ஒரே காத்தை மூச்சு விட்டுச்சுங்க."

"மருந்து ஊத்தித் துடைக்கிறோம்."

"தரையைத் துடைக்கிறீங்க. காத்தை யாரு துடைக்கிறது?"

அக்கா ஏசியைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள். அவள் டாக்டர். நீட்டி முழக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவள் முகம் வெளிறிப்போவதைச் சின்னவள் கண்ணெதிரே பார்த்தாள். ஆனால் முப்பது வருஷமாகச் சம்பாதித்த பெயர் அவ்வளவு லேசில் வாயை மூடிக்கொண்டு போய்விடுமா?

"நீ இப்ப யாரா வந்திருக்கே? தங்கச்சியாவா, ஆபீசராவா?"

"தெரியலைக்கா." அதுதான் உண்மை. "நோய் வந்த ஒன்பது குழந்தைங்களும் இங்க ஊசி போட்டதுங்கதான். அதுல ஒண்ணு ஆக்சிஜன்ல கிடக்கு. அந்தம்மா மாமியாரைக்கூட வீட்டுக்குள்ள விடலையாம். உன்கிட்ட மட்டும்தான் கொண்டுவந்தாங்களாம்."

"எந்தப் பிள்ளை? பத்து வருஷம் கழிச்சுப் பிறந்தவனா?"

சின்னவள் தலையை ஆட்டினாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"திங்கக்கிழமை காலையில தட்டம்மைப் பிள்ளை வந்துச்சாக்கா?"

"ரெண்டு பேர்." "ஒன்பதரைக்கு மேல. அதுக்கப்புறம் பத்துப் பதினோரு குழந்தைங்க உள்ளே வந்திருக்கும்." நோயோடு ஒரே காற்றில் இருந்த குழந்தைக்கு ஆறு நாளுக்குள், எதிர்ப்புச் சக்தியை அப்படியே உடம்பில் ஏற்றுகிற இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டால் நோயைத் தடுக்கலாம், தடுக்க முடியாவிட்டாலும் வேகத்தைக் குறைக்கலாம். அக்கா விரலை மடக்கினாள். "நாளையோட கெடு முடியுது. போன சனிக்கிழமை வந்ததுங்களுக்கு?"

"அதுங்களுக்கு நாள் தாண்டிடுச்சுக்கா. பக்கத்துலயே இருந்து கவனிக்கத்தான் முடியும்."

வெளியே ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. இன்னொன்று அதற்குத் துணை சேர்ந்தது. அக்கா எழுந்து வந்து சின்னவளின் கையைப் பிடித்தாள். அவள் பிடி எப்போதும் அழுத்தமாக இருக்கும். இன்றைக்கு அதில் பலமே இல்லை.

"நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை இல்லையா? இப்ப ஒண்ணு கேக்கறேன். கிளினிக்கை இன்னிக்கே மூடிடறேன். டேப்பை எல்லாம் பிச்சு எறிஞ்சுடறேன். ஏதோ ரிப்பேர் வேலைன்னு சொல்லிக்கறேன். திங்கக்கிழமை குழந்தைங்களுக்கு ஊசியை உங்க ஆபீசே போடட்டும். இங்கிருந்துதான் வந்துச்சுன்னு மட்டும் சொல்லாதே சின்னவளே. நாளைக்கு இந்தத் தெருவுல நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன்?"

சரி என்று சொல்லிவிடச் சின்னவளுக்கு நாக்கு துடித்தது. அக்கா கேட்டு இல்லை என்று சொல்வதற்கு அவள் வளர்ந்த வீட்டில் பழக்கமே இல்லை. கிளினிக்கை மூடினால் போதாதா? ஊசியைப் போட்டால் போதாதா? காரணம் எதற்கு? அவளும் மனசுக்குள் அப்படித்தான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்கு ஒரே இடத்தில் வந்து இடித்தது.

"அக்கா, சுகாதார ஆபீஸ்லேருந்து பேசறோம், நல்லா விளையாடிக்கிட்டிருக்கிற உங்க குழந்தையைத் தூக்கிட்டு வாங்க, ஒரு ஊசி போடணும்னு போன் பண்ணினா யாரு வருவா? வீடு வீடா ஊசி போடப் போனபோதே எங்களைப் பார்த்துக் கதவைச் சாத்தினவங்க இவங்க. நான் சொன்னா வரமாட்டாங்க. நீ சொன்னா வருவாங்க. ஏன்னு கேப்பாங்க. அதையும் நீதான் சொல்லணும்."

"நீ பெரிய ஆபீசர் ஆயிட்டே" என்றாள் அக்கா. அதில் கோபம் இருந்தது. வேறென்னவோவும் இருந்தது. பிடித்த கையை விட்டாள். ஏசியின் சுவிட்சை அணைத்தாள். முனகல் நின்றதும் அறையே திடீரென்று பெரிதானது போலிருந்தது. பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தாள்.

வராந்தாவில் அத்தனை முகங்களும் நிமிர்ந்தன.

"எல்லாரும் இப்படி முற்றத்துக்கு வாங்க, வெட்டவெளிக்கு" என்றாள் அக்கா. எல்லோரும் வந்து நிற்கும்வரை காத்திருந்தாள். "குழந்தைகளுக்குத் தட்டம்மை எங்கேருந்து வருதுன்னு தேடிக்கிட்டிருந்தாங்க. கண்டுபிடிச்சிட்டாங்க. என் அறையிலேருந்துதான். காலையில நோய்க்காரப் பிள்ளைங்களைப் பார்த்த அதே அறையில, அந்தக் காத்து போகிறதுக்கு முன்னாடி, உங்க குழந்தைங்களை உட்கார வச்சேன். ஜன்னலை மூடி வச்சிருந்தேன். தப்பு என்னோடது."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கூச்சல் எழுந்தது. "உங்களை நம்பித்தானே வந்தோம்!" என்று ஒருத்தி கத்தினாள். மஞ்சள் துண்டுக்காரி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போனாள். யாரோ ஒருத்தியின் கணவர், ஊரைக் கூட்டுகிறேன் பார் என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார். அக்கா எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டாள். ஜன்னலில் டேப் ஒட்டியது யார் என்பதை அவள் சொல்லவே இல்லை. சின்னவள் சொல்லப் போனபோது அக்கா ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் அடுத்தவர் வீட்டுக் கண்ணாடியை இவள் உடைத்தபோது பார்த்த அதே பார்வை, நீ வாயை மூடு என்று.

அதன் பிறகு உட்கார்ந்து அழ நேரமில்லை. சின்னவள் மேலிடத்துக்குப் பேசி மருந்துக்கு ஏற்பாடு செய்தாள். குளிர்பெட்டியில் அதை எடுத்துவர அவசரம் பறந்தார், இப்போது அவருக்கு ருசி கண்டுவிட்டது. நர்ஸ் ஒவ்வொரு எண்ணாக அழைத்துக் கொடுக்க, அக்காவே பேசினாள். ஒவ்வொரு தாயிடமும் முதலிலிருந்து, ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் சொன்னாள். சிலர் அழுதார்கள். சிலர் வாயில் வந்ததைச் சொன்னார்கள். திட்டி முடித்துவிட்டு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்றும் அவர்களே கேட்டார்கள். ஸ்கூட்டர் நிறுத்துகிற தகரக் கொட்டகையில், நாலு பக்கமும் காற்று அடிக்க, வெயில் சாய்வதற்குள் ஊசி போட்டு முடித்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் போனைத் துண்டித்துவிட்டார்கள். அக்கா அந்த வீட்டுக்கே நடந்து போனாள். கதவு திறக்கவில்லை. அரைமணி நேரம் வாசலில் நின்று, மூடிய கதவோடு பேசினாள். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு கை குழந்தையை வெளியே நீட்டியது.

"போதும்க்கா, வீட்டுக்குப் போ" என்றாள் சின்னவள். "ஆஸ்பத்திரியில இருக்கிற அந்தம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அந்தம்மாகிட்ட நீ சொல்லக் கூடாது" என்றாள் அக்கா.

வார்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். அந்தத் தாய் காலையில் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் மூச்சு இன்னும் விலாவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை வைத்தே அவள் அக்காவை அடையாளம் கண்டுகொண்டாள். முகம் மலர்ந்தது.

"டாக்டரம்மா! வந்துட்டீங்களா? நீங்க வந்தா சரியாயிடும்னு இப்பதான் நினைச்சேன்."

அக்கா சொன்னாள். அதே வார்த்தைகள். அன்றைக்கு எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய வார்த்தைகள்தான், ஆனாலும் இந்தக் கட்டிலுக்கு முன்னால் அவை ஒவ்வொன்றாகத்தான் வெளியே வந்தன.

தாய் கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. ஏதோ கணக்கில் இடறிவிட்டவள் போல அக்காவின் முகத்தையும் குழந்தையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்ககிட்ட மட்டும்தானே டாக்டரம்மா கொண்டுவந்தேன்" என்றாள் மெதுவாக. "வேற எங்கயும் கொண்டுபோகலையே."

காலையில் இதே வார்த்தைகளைச் சின்னவள் ஒரு பதிலாகக் கேட்டுக்கொண்டாள். இப்போது காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

குழந்தைக்கு இருமல் கிளம்பியது. முகம் கருஞ்சிவப்பானது, கை கால் உதறியது. அக்காவின் இரண்டு கைகளும் தாமாகவே நீண்டன. இத்தனை வருஷமும் எந்தக் குழந்தை இருமினாலும் நீண்ட கைகள். எந்தத் தாயும் அந்தக் கைகளில் பிள்ளையைக் கொடுக்காமல் இருந்ததில்லை. இந்தத் தாய் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு குழந்தையை இறுக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா கைகளை மெல்ல இறக்கினாள். போய்விடுவாள் என்று சின்னவள் நினைத்தாள். அவள் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, தொடாமல் சொன்னாள்.

"படுக்க வைக்காதேம்மா. நிமிர்த்திப் பிடி. தலை உன் தோள்ல சாயட்டும். இன்னும் கொஞ்சம் மேல... அப்படித்தான்."

தாய் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் சொன்னபடி பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கி, குழந்தை மூச்சை இழுத்தது. அக்கா அங்கேயே நின்று அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள்.